கோகிலா அக்கா பேருக்கும் ஒரு மண்குதிரை

அம்மனை நம்பி இந்த இதழைக் கையில் எடுத்திருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

போன ஆடி மாதம், முதல் செவ்வாய். காலை மணி ஆறு இருபது. நெருப்பெரிச்சலில் எங்கள் நிட்டிங் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையிலிருந்து மகள் திவ்யா கத்தினாள். ஓடினேன். எங்கள் குதிரை பவளத்தின் பின்னங்கால்கள் முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

குதிரைக்காக மட்டும் நான் பயப்படவில்லை. நீட் தேர்வில் இரண்டாம் முறையும் மார்க் குறைந்த பிறகு திவ்யா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள். மாதக்கணக்கில் எங்களோடு பேச்சில்லை. பவளம் வந்த பிறகுதான் காலையில் எழுந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள். குதிரைக்கு ஏதாவது ஆனால் அந்தக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும்.

டாக்டர் வந்து பார்த்தார். “அடிபடலீங்க, புண்ணில்லீங்க, காய்ச்சலும் இல்லீங்க. ரத்தத்துலயும் ஒண்ணுமில்லீங்க. எதனாலன்னு பிடிபடலீங்க” என்றார். ஊசி போட்டும் வற்றவில்லை. மூன்றாம் நாள் முன்னங்கால்களும் வீங்கின.

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமானது. ஆனாலும் மறைத்தால் இது சாட்சி ஆகாது.

என் கணவரின் அண்ணன் மனைவி கோகிலா அக்கா பெருமாநல்லூரில் இருக்கிறார். வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறார். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் சொந்தமெல்லாம் அவர் குதிரையைப் பற்றித்தான் பேசும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திவ்யாவுக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். என்னிடம் வாய் திறக்காத பிள்ளை பெரியம்மாவிடம் விழுந்து விழுந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பங்குனித் திருவிழாவில் அவர் மகன் அந்தக் குதிரைமேல் ஊர்வலத்துக்கு முன்னால் வந்தபோது, அம்மன் சந்நிதியில் நின்றுகொண்டே, “அந்தக் குதிரை நொண்டட்டும்” என்று கேட்டேன். கேட்டேன்தான்.

அவர் குதிரையின் கால்களில் அழகாகப் பச்சைப் பட்டி சுற்றியிருப்பார். எங்கள் குதிரை மட்டும் குறைச்சலா? கம்பெனியில் கிடந்த, இழுத்தால் நீளும் சிவப்பு லைக்ரா துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, பவளத்தின் நாலு காலிலும் இழுத்துச் சுற்றினேன். அது வீக்கம் வருவதற்கு நாலு நாள் முன்பு. வீங்கிய பிறகோ, அழுத்திக் கட்டினால் வற்றுமென்று இன்னும் இறுக்கினேன். டாக்டர் வரும்போது மட்டும் அவிழ்த்து ஒளித்துவைப்பேன். கோகிலாவைப் பார்த்துச் செய்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? திவ்யா அதை மருந்துக்கட்டு என்றே நம்பினாள்.

என் கணவர் தினமும் சொன்னார். “அண்ணிக்கு ஒரு போனைப் போடு புள்ள. குதிரை அவங்களுக்குத்தான தெரியும்?”

“ஊரெல்லாம் அவங்க பெருமைதான். என்ற ஊட்டுக்குள்ளயுமா?”

“உன்ற பொறாமைக்கு அந்த வாயில்லாச் சீவன் நோவோணுமா?”

நான் போன் பண்ணவில்லை.

அடுத்த செவ்வாய், பவளம் தீவனத்தைத் தொடவில்லை. திவ்யாவும் சாப்பிடவில்லை. கோயிலுக்கு ஓடினேன். எங்கள் பக்கம் ஆளுக்கோ மாட்டுக்கோ நோவு வந்தால், அதே உருவத்தில் மண்ணால் செய்த உருவாரம் வாங்கி அம்மனுக்கு வைப்போம். ஒரு மண்குதிரை வாங்கிக்கொண்டு சந்நிதியில் நின்றேன். இதே இடத்தில் நின்றுதானே இன்னொரு குதிரை நொண்டட்டும் என்று கேட்டேன்? எந்த முகத்தோடு என் குதிரைக்குக் கேட்பேன்?

வெளியே வந்து இன்னொரு மண்குதிரை கேட்டேன்.

“ஏனுங்க, ஊட்டுல ரெண்டு குதிரைங்களா? பெரிய ஆளுதானுங்க!” என்று விற்பவர் சிரித்தார்.

“இல்லீங்க. இது எங்க அக்காளுதுங்க.”

சொன்னதும் அழுதுவிட்டேன். பூசாரி பேர் கேட்டார். கோகிலா என்றேன். “தாயே, அன்னைக்குக் கேட்டதை நான் திருப்பி வாங்கிக்கிறேன். அந்தக் குதிரை நல்லா இருக்கட்டும். என் பிள்ளையைக் காப்பாத்து” என்று வேண்டினேன். இரண்டு குதிரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வீடு வந்தேன்.

பகல் பன்னிரண்டே முக்காலுக்கு உதவி வாசலில் வந்து நின்றது. அந்த நிமிடமே துணிகளை வெட்டி எறிந்தோம். காலையிலும் மாலையிலும் கால்களில் குளிர்ந்த தண்ணீர் விட்டோம், மெல்ல நடத்தினோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீக்கம் வற்றியது. திவ்யா இப்போது என்னையும் கொட்டகைக்குக் கூப்பிடுகிறாள். பொறாமை என்னைவிட்டு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அது எட்டிப் பார்க்கும் போதெல்லாம் கோகிலா அக்கா பேரைச் சொல்லி ஒரு விளக்கு வைக்கிறேன். யார்மேல் வயிறு எரிகிறதோ, அவர் பேருக்கும் சேர்த்து ஒருமுறை அம்மனிடம் கேட்டுப் பாருங்கள். அவள் கேட்பாள். என் வேண்டுதலைக் கேட்டாள்.

அன்றைக்கு வந்தது கோகிலா அக்கா. ஆடிச் செவ்வாய் என்று கோயிலுக்குப் போனவரிடம் பூசாரி நான் வைத்த இரண்டு மண்குதிரைகளையும் காட்டியிருக்கிறார். பதறிப்போய் நேராக இங்கே வந்துவிட்டார். பவளத்தின் காலடியில் மண்ணில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் சிவப்புத் துணியை வெட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“எதுக்கு அம்மிணி அழுகறே? உள்ளார பஞ்சு வெக்காம இப்படி இறுக்குனா ரத்தம் எங்க போகும்? மொத வருசம் நானும் எலாஸ்டிக்கைச் சுத்தி என்ற குதிரையை இப்படித்தான் நிக்க வெச்சேன். வெக்கப்பட்டுட்டு ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”