தலைமேல் செய்த சத்தியம்

பக்கத்து அறைக் கணினியில் ஓடிய ஆட்டத்தில் அதிர்ந்துகொண்டிருந்த ரசிகர்களின் மேளச் சத்தம் திடீரென்று அடங்கியது. அரங்கம் முழுவதும் ஒன்றாய்ச் சோர்ந்துபோன ஒரு நீண்ட முனகல் மட்டும் வந்தது. அடுப்படியில் றோஸ்மேரி பக்கத்து வீட்டுப் பேபியக்காவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கடைசி மட்சும் போச்சு" என்றார் உள்ளேயிருந்த அவள் கணவர் அமிர்தநாதர். "எங்கட ஆக்கள் தோத்திட்டாங்கள்."

றோஸ்மேரி கண்களை மூடிக்கொண்டாள். அந்தோனியாரே, கைவிடவில்லை நீர்!

மகன் விளையாடும் அணி தோற்கவேண்டும் என்று நேர்த்தி வைத்த தாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஐந்து வயதில் றொய்சனுக்கு யாரோ பாவித்த சறுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். விடியும் முன்னே ஸ்காபரோவின் உறைபனி அரங்குகளுக்குக் காரோட்டி, விறைத்த விரல்களால் அவனுக்கு நாடா கட்டி விட்டாள். கனடாவின் பெரிய அணிகள் அவனைச் சேர்க்கவில்லை. ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு ஐஸ் ஹொக்கி லீக்கில், ஒரு சின்ன நகரத்து அணி சேர்த்தது. தாங்கள் இருந்த வெக்ஸ்போர்ட் பகுதித் தமிழர் எல்லோருக்கும் அமிர்தநாதர் கேக் வெட்டிக் கொடுத்தார்.

தை மாதத்து ஆட்டமொன்றில் எதிரணிக்காரன் ஒருவன் றொய்சனை அரங்குச் சுவரோடு மோதி விழுத்தினான்; தலையில் அடி. அன்றிலிருந்து அவன் இருட்டறைக்குள் இருந்துதான் வீடியோவில் பேசினான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். பேச்சின் நடுவே சொற்கள் மறந்தன. அணியில் யாருக்கும் சொல்லாமல் அவன் தொடர்ந்து விளையாடினான். அங்கே வெளிநாட்டுக்காரருக்கு இருப்பது நாலைந்து இடங்கள். ஒருவன் படுத்தால் இன்னொருவன் வந்துவிடுவான்.

"அம்மா, ப்ளீஸ், அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. அப்பா கோச்சுக்கு ஃபோன் அடிச்சுப்போடுவார். வேற ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு என்ர தலையில சத்தியம் பண்ணுங்கோ."

சின்ன வயதில் அவன் பொய் சொல்லும்போதெல்லாம் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லிப் பழக்கியவள் அவள்தான். திரையில் தெரிந்த அந்தத் தலையின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினாள். மீறினால் யாருடைய தலைக்குக் கேடு? அடிபட்ட அதே தலைக்கு! வாயைத் திறக்க வழியில்லாமல் தன்னைத் தானே பூட்டிக்கொண்டாள் அந்தப் பேதை.

மிஞ்சியது அந்தோனியார்தான். அணி கடைசி இடங்களுக்குள் விழுந்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிப் பிழைக்கும் ஆட்டங்களுக்கு வந்திருந்தது. தோற்றால் சீசன் முடியும், பிள்ளை வீடு வருவான் என்று அவள் கணக்குப் போட்டாள். செவ்வாய்தோறும் கோயிலில் நடக்கும் நவநாள் செபத்தில் பேபியக்கா வெற்றிக்காக உரக்கச் செபிக்க, பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த றோஸ்மேரி உதடசையாமல் தோல்வி கேட்டாள்.

இப்போது கேட்டது கிடைத்துவிட்டது. "அப்ப இனி வந்திடுவான் என்ன?" என்று கணவனைக் கேட்டபோது அவள் குரலில் சந்தோசம் ஒளிந்திருந்தது.

அமிர்தநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அடுப்படி வாசலில் நின்றார். "எங்க வாறது? வெண்டவங்களுக்குத்தான் லீவு. தோத்தவங்கள் தங்களுக்குள்ள இன்னொருக்கா மோதவேணும். ஏழு மட்ச் வரைக்கும் போகும். அதிலயும் தோத்தாத்தான் கீழ்ப் பிரிவு."

வென்றிருந்தால் இன்றோடு முடிந்திருக்கும். பேபியக்காவின் செபம் பலித்திருந்தால் பிள்ளை தப்பியிருப்பான். றோஸ்மேரியின் செபம்தான் அவனைத் திரும்பவும் அந்தப் பனிக்குள் தள்ளிவிட்டது.

பேபியக்கா மேலங்கியைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். செவ்வாய்க்கிழமை இன்னும் உருக்கமாகக் கேட்போம் என்று ஆறுதல் சொன்னாள். வாசல் வரை கூடவே போன றோஸ்மேரி அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. உள்ளே அமிர்தநாதர் ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டிருந்தார். மேளம் அதிரத் தொடங்கியது.

"பேபியக்கா... அவன்ர தலை..." என்றாள். சத்தியம் நினைவுக்கு வர, மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

பேபியக்காவின் கண்கள் கலங்கின. "தலையெழுத்து எண்டு மட்டும் சொல்லாதையும் பிள்ளை. அந்தோனியார் இருக்கிறார். நீர் வாயைத் திறந்து கேளும், அவ்வளவுதான்."

அவள் படியிறங்கினாள். பங்குனிக் குளிர் வீட்டுக்குள் புகுந்தது. "கதவைச் சாத்து, றோஸ்மேரி" என்று உள்ளிருந்து அமிர்தநாதர் குரல் கொடுத்தார்.

அவள் சாத்தினாள்.