சக்குக்கு அடியில் ஒரு பொட்டு

ரோட்டரி டேபிளில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கை ஏற்றி போல்ட்டை முறுக்கும்போதெல்லாம் ராஜாங்கம் ஒருமையில் வசை பாடுவார். "டேய், கண்ணு இன்னா பொடனியிலயா கீது? மெதுவா முறுக்குடா." கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையோடு போகிறவர்கள், பட்டறைக்குள் எவனோ வேலைக்காரன் திட்டு வாங்குகிறான் என்று பரிதாபப்படுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அவர் ஒருவர்தான் இருப்பார். "மொதலாளியும் நான், வேலையாளும் நான். வேற யாரத் திட்டறதுங்க?" என்று கேட்பார்.

வட்ட இரும்பில் சம இடைவெளி விட்டுப் பள்ளம் வெட்ட வேண்டுமென்றால், லேத்திலிருந்து சக்கைக் கழற்றி, அளவு வைத்துத் திருப்பக்கூடிய அந்த வட்ட மேசையின்மேல் உட்காரவைத்து, மில்லிங் மிஷினுக்குக் கொண்டுபோவார். சக்கின் நடுவும் மேசையின் நடுவும் ஒன்றாக வேண்டும். மயிரிழைக் கோணலையும் காட்டிவிடும் டயலின் முள் அசையாமல் நிற்கும் வரை மரச்சுத்தியால் சக்கைத் தட்டிக்கொண்டே இருப்பார். தட்டும்போது மூச்சை அடக்குவதால் தொந்தி உள்ளே போய்விடும். "என் வவுறு செண்டருக்கு வர்ற ஒரே நேரம் இதுதான்" என்பார்.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வேடியப்பன் வந்தார். சாமை குத்தும் மிஷின் வைத்திருப்பவர். அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங் உடைந்து, ஊர்ச் சாமை முழுக்க மூட்டையாகக் கிடந்தது. அந்த அளவில் இரும்புத் துண்டு இரண்டுதான் அகப்பட்டது. முதல் துண்டை ராஜாங்கம் வெட்டி முடித்தபோது, பள்ளம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் இருந்தது. சக்கில் பிடித்த துண்டின் அடியில் மட்டும் டயலை வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தார்.

"இதுவும் போச்சின்னா நான் சேலந்தான் போவணும், மேஸ்திரி" என்றார் வேடியப்பன். அவர் குரலில் கோபம் இல்லை. ராஜாங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான்.

இரண்டாவது துண்டைப் பிடித்து, இந்த முறை மேலேயும் டயலை வைத்தார். அடியில் அசையாத முள் மேலே ஆடியது. ராஜாங்கம் சக்கு செய்த கம்பெனியைக் குறை சொன்னார். சாலையில் போன கரும்பு டிராக்டரைக் குறை சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சும்மா நின்றிருந்த வேடியப்பனை, மூச்சுக் காற்று படுகிறது என்று தள்ளி நிற்கச் சொன்னார். முள் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் சக்கைக் கழற்றிப் புரட்டினார். அதன் அடிவயிற்றில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு அழகாகப் பதிந்திருந்தது. பூஜையன்று மேசைக்கு அவர் கையால் வைத்தது, கல்லாகக் காய்ந்திருந்தது. சக்கை ஏற்றும் முன் மேசை முழுவதையும் துணியால் துடைத்தவர், பூஜைப் பொட்டைத் துடைத்தால் ஆகாது என்று அதை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தார். பொட்டு ஒரு பக்கம் தூக்க, சக்கு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

ராஜாங்கம் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தன்னையே திட்டினார்.

"சந்தனத்த இவ்ளோ ஜாஸ்தியா அப்பி கீறியேடா. மிஷினுக்கு வெச்சியா, மாப்ளைக்கு வெச்சியா?"

வேடியப்பன் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். ராஜாங்கம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பொட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி சக்கை ஏற்றினார். முள் மேலேயும் நின்றது, கீழேயும் நின்றது. பள்ளங்களும் சரியாக விழுந்தன. பொழுது சாய்வதற்குள் கப்ளிங் மலைக்குப் பஸ் ஏறியது.

வீணான துண்டை அவர் ஒளித்துவைக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கேட்காதவர்களுக்கும் காட்டுவார். "இதாங்க நான் படிச்ச காலேஜி."

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் மனைவி அம்சவள்ளி சந்தனக் கிண்ணத்தோடு பட்டறைக்கு வந்து, ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே ரோட்டரி டேபிளை நெருங்கினார். ராஜாங்கம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதன் முகத்தை மூடிக்கொண்டு, குனிந்து, தன் நெற்றியை அம்சவள்ளியின் விரலுக்கு நேராக நீட்டினார்.