சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மாநகர சபை மண்டபத்தில் அனர்த்தப் பயிற்சி நடந்த அன்று தீயணைப்புப் பிரிவுத் தலைவர் இருந்தார், சுகாதாரப் பரிசோதகர் இருந்தார், மூன்று கிராம சேவகர்கள் இருந்தார்கள். அனர்த்தப் பிரிவின் எழுதுவினைஞனாக, வரவுப் பதிவோடு நானும் இருந்தேன். அப்பா இல்லை.

நகர எல்லையில், மண்மேட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளின் மழைமானிக்கு அவரைத்தான் பொறுப்பாக்கியிருந்தோம்.

“வந்தா அன்னைக்குப் பேரு போயிரும் தம்பி” என்று நாட்சம்பளத்தைச் சொன்னார். “நீதான் படிச்சவனாச்சே, நீயே சொல்லிக் குடு.”

அன்று மாலையே சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் மானிக் குழாயில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டேன். “தண்ணி இதத் தொட்டா எனக்குப் போன்ல கோல் எடுங்க. வண்டி அனுப்பி எல்லாரையும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு போயிருவோம். தெனமும் காலைல எட்டு மணிக்குக் கொட்டிட்டு வச்சிருங்க.”

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா சிரித்தார். “கள்ளுப் போத்தல்ல அளவு பாத்த மனுசன், இதுல தப்புவாரா?”

“வாய மூடு மதினி.”

மழை விடாமல் பெய்தால் முதல்நாள் அளவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பயிற்சியில் அதைச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாதவரை ஏன் குழப்புவது என்று நான் விட்டுவிட்டேன். கொழுந்து நிறுக்கும்போது காலை, பகல், அந்தி மூன்றையும் மனதிலேயே கூட்டி, கணக்கப்பிள்ளை குறைத்த ஒரு கிலோவையும் பிடிப்பவர் அவர். அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் மாலை பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. வண்டியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு மூன்று மணிக்கு அழைத்தேன்.

“தொட்டுச்சாப்பா?”

“இல்ல. கோட்டுக்கு இன்னும் ஒரு வெரக்கட கெடக்கு. குடையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

காலையில் எவ்வளவு கொட்டினார் என்று நான் கேட்கவில்லை. சாரதியைச் சாப்பிடப் போகச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மேடு சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. அப்பா வெளியே மானியருகில் நின்றதால் தப்பினார். பெரியம்மா காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் கோயில் மண்டபத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: “காலைலயும் கோட்டுக்கு ஒரு வெரக்கடதான் கொறஞ்சிச்சு. கொட்டிட்டேன். அதையும் சேத்துக்கணுமா தம்பி?”

“ஆமாப்பா.”

“சொல்லியிருந்தா கூட்டியிருப்பேனே.”

பயிற்சிக்கு வராததால் அவருக்கு ஒரு நாள் பேர் மிஞ்சியது. போனது மூன்று காம்பராக்களும் பெரியம்மாவும்.