மாதபாவில் என் தம்பிக்கு வந்த கூட்டம்

2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம். லேசான தூறல். எங்கள் பேருந்தின் முன்கண்ணாடிக்கு மேலே ஒன்பது டிகிரி என்று காட்டியது. ஜோர்டான் நாட்டில் மாதபா என்று ஒரு சிறிய பழைய ஊர். அங்கே ஒரு கம்பளக் கடை வாசலில் என் தம்பி உட்கார்ந்தான். பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

நான் மலேசியாவில் கிள்ளானில் இருப்பவன். வயது எழுபத்து நான்கு. அரசாங்கப் பொருள் கிடங்கில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுவேன், எண்ணி முடிக்காவிட்டால் தூக்கம் வராது. தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியே மகனை வளர்த்து ஆளாக்கினான். பிரிக்பீல்ட்ஸில் அந்த மகனோடுதான் இருந்தான். என்னைக் கிண்டல் செய்ய நினைத்தால் 'கணக்கப்புள்ள' என்று கூப்பிடுவான்.

அவன் மனைவி கொரோனா ஊரடங்கில் இறந்தாள். கூட்டம் கூடக் கூடாது என்ற காலம். குழி வெட்டியவர்களை விட்டுவிட்டால் கல்லறையில் நின்றது நாங்கள் ஆறு பேர். அது அவன் நெஞ்சில் தங்கிவிட்டது. யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் வாசலில் போட்ட கூடாரத்தில் இருக்கும் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "என் பொண்டாட்டிய ஆறே பேருதான்ணே கொண்டுபோய் வச்சோம்" என்பான்.

கிள்ளான் கல்லறையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் அப்போதே வெட்டச் சொல்லிவிட்டான். கல் வெட்டும் சீனர் உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு மை பூசுவார். ஆள் போன பிறகு அதைச் சுரண்டிவிட்டுப் பொன் மை பூசுவார். அது அவர்கள் வழக்கம். மாதா மாதம் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும்போது தம்பி அந்தக் கல்லைக் காட்டி, "பாத்தியாண்ணே, நான் இன்னும் செவப்புலதான் இருக்கேன்" என்று சிரிப்பான்.

இந்தப் பயணம் அவன் மனைவி போக ஆசைப்பட்டது. எங்கள் தேவாலயத்திலிருந்து இருபத்து நான்கு பேர் கிளம்பினோம். மாதபாவைப் பார்த்துவிட்டு மறுநாள் ஜெருசலேம் போவதாக ஏற்பாடு.

மாதபாவில் ஒரு தேவாலயத்தின் தரையில், சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த பழைய வரைபடம் ஒன்று இருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கும் மேல் பழையது என்றார்கள். பெரும்பகுதி உடைந்து போய்விட்டது. நான் ஒரு சாண் அகலத்துக்கு எத்தனை கல் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பி என் காதருகே குனிந்து, "இதுல நம்ம கிள்ளான் எங்கண்ணே?" என்றான்.

"ஒடைஞ்சு போன பக்கத்துல இருக்கும். நட."

பேருந்து மேட்டில் நின்றது. புறப்பட ஆறு நிமிடம்தான் இருந்தது. நான் முன்னால் வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் தம்பி ஒரு கடை வாசலில், மழை படாமல் அடுக்கி வைத்திருந்த கம்பளங்களின் மேல் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அது கண்ணில் பட்டது, ஆனால் மனதில் ஏறவில்லை.

"எழுந்திரு லா. அது விக்கிற சாமான். காசு கேப்பான்."

"கேட்டா குடுத்துரு, கணக்கப்புள்ள" என்றான்.

அதுதான் அவன் பேசிய கடைசி வார்த்தை. பக்கவாட்டில் சாய்ந்தான். கடைக்காரர் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியை அந்தக் கம்பளத்தோடேயே நாலு பேர் தூக்கி அவருடைய சிறிய வண்டியில் ஏற்றினார்கள். மருத்துவமனையில் டாக்டர் என் தோளில் கை வைத்தபோதே தெரிந்துவிட்டது.

எங்கள் குழு மறுநாள் காலை எல்லையைக் கடந்தாக வேண்டும். இருபத்து இரண்டு பேரையும் நான்தான் போகச் சொன்னேன். தம்பி மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எந்த மருத்துவமனை, என்ன நேரம் என்று கேட்டான். பிறகு, "பெரியப்பா, எப்படியாச்சும் அப்பாவக் கொண்டாந்துருங்க. அம்மா பக்கத்துல அவர் பேரு காத்துக்கிட்டிருக்கு லா" என்றான். கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

கடைக்காரர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் ஓர் அறை கொடுத்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவைத் தாழிட்டு, பெட்டியையும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் என்னை ஒரு பெரிய கூடத்துக்கு அழைத்துப் போனார். அந்த ஊரில் ஒவ்வொரு வம்சத்துக்கும் நல்லது கெட்டதுக்கு ஒன்றுகூட ஒரு கூடம் உண்டாம். இது அவர்களுடையது. சுவரோரமாக எண்பத்து நான்கு நாற்காலிகள். ஒருவர் பித்தளைக் கூஜாவில் காப்பி வைத்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு எதிரே நடுவில் இருந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

எனக்கு உடனே கிள்ளான் கணக்குதான் ஓடியது. கூடாரம், நாற்காலி, காப்பி, ஆட்களுக்குக் கூலி. இதையெல்லாம் நான் கேட்கவே இல்லையே என்று பயம். கடைக்காரரை ஓரமாக அழைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் தம்பி எங்கள் தெருவில் இறந்தார். துக்கம் கேட்க வருகிறவர்கள் வேறு எங்கே போவார்கள்?"

யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வந்தார்கள். கழுத்தில் சிலுவை போட்டவர்கள் வந்தார்கள், தொழுகை முடித்த முஸ்லிம்கள் வந்தார்கள். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்தவர்கள், கையில் மாவு காயாத ரொட்டிக்காரர், வகுப்பு முடிந்து வந்த ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து, மார்பில் கை வைத்து ஏதோ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். தம்பியின் பெயர்கூட அவர்கள் வாயில் சரியாக நுழையவில்லை.

காப்பியில் சர்க்கரை கிடையாது. கசப்பு தொண்டையிலேயே நின்றது. சின்னக் கிண்ணத்தை நான் காலி செய்யச் செய்ய கூஜாக்காரர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மறுப்பது மரியாதையில்லை என்று ஏழு தடவை குடித்துவிட்டேன். நெஞ்சு படபடத்தது. பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, தன் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தமாம். தம்பி இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் என்னை ஓட்டியிருப்பான்.

காகிதங்கள் முடிய மூன்று நாள் ஆனது. தலைநகர் அம்மானிலிருந்து நம் தூதரகத்தின் மலாய் அதிகாரி ஒருவர் வந்து எல்லாவற்றுக்கும் அலைந்தார். மூன்று நாளும் அந்தக் கூடம் திறந்தே இருந்தது. கடைசி நாள் மாலை என் வயதுக்காரர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி என்ன வேலை செய்தான் என்று கடைக்காரர் மூலம் கேட்டார். லோரி ஓட்டினான் என்றேன்.

"லோரி?" என்றார் அவர். அந்தச் சொல் அங்கேயும் இருக்கிறது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடிப்பது போல் செய்து காட்டினார். அவரும் அகபா துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவராம். எழுந்து, கூடத்தில் இருந்த எல்லாரிடமும் உரக்க ஏதோ சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. அந்தக் கிழவர் என் முழங்காலில் கை வைத்தபடி, நான் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மூன்று நாளில் வந்தவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்.

புறப்படும்போது கடைக்காரரிடம் கம்பளத்துக்காவது பணம் வாங்கிக்கொள்ளச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் என் பணப்பையை மூடி என் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

தம்பியைக் கிள்ளானில் வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். கொட்டும் மழை. முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். மகன் குடைகளைப் பார்த்துக்கொண்டே, "வேல நாளு பெரியப்பா, அதான்" என்றான். நான் மாதபா கணக்கைச் சொன்னேன்.

"அங்க அப்பாவ யாருக்குமே தெரியாதே?"

"தெரியாது."

கல் வெட்டும் சீனர் மழை விட்டதும் வந்து சிவப்பைச் சுரண்ட ஆரம்பித்தார்.

இப்போதெல்லாம் கிள்ளானில் எங்காவது சாவுக் கூடாரம் கண்ணில் பட்டால் உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். "அங்கிள், நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். இந்த வழியாகப் போனேன் என்பேன். சில வீடுகளில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கேட்டால் கொடுத்துவிடு என்றுதான் தம்பி சொன்னான். அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை, அதனால் எனக்கு இந்தக் கணக்கை எங்கே தீர்ப்பதென்று தெரியவில்லை. மருத்துவமனை, சவப்பெட்டி, விமானம், கடைசியாகப் பொன் மை எல்லாம் சேர்த்து, தம்பியை அவன் பெயருக்கடியில் கொண்டுவந்து சேர்க்க ஆன செலவு இருபத்தோராயிரத்து நானூற்று அறுபது ரிங்கிட். காப்பிக்கு ஒன்றுமில்லை.