கொழுப்புக்குச் சோறு கிடையாது

ஆனையூரில் என் மருமகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: "ரூடு". வாசலில் பெல் அடித்தவன் ரூடு, பதில் சொல்லாதவன் ரூடு, பதில் சொன்னவனும் ரூடு.

எங்கள் அம்மா அப்படிக் கலந்துகட்டி வைய மாட்டாள். ஒவ்வொரு குற்றத்துக்கும் தனிச் சொல், தனித் தண்டனை. பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் துடுக்கு, உச்சந்தலையில் குட்டு. கூப்பிட்டும் காதில் விழாத மாதிரி நின்றால் திமிரு, தொடையில் கிள்ளு. போட்ட சோற்றை வேண்டாமென்றால் கொழுப்பு. அதற்கு அடி கிடையாது, அடுத்த வேளைச் சோறு கிடையாது. மூணாப்போடு நின்றவள்தான் நான். ஆனால் இந்தப் பாடத்தில் என்னைத் தோற்கடிக்க எங்கள் ஊர் திருவாதவூரில் ஆளில்லை.

அப்பாவின் தங்கையை, என் அத்தையை, பெண் பார்க்க விளாங்குடியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனதோடு சரி. இந்த மாப்பிள்ளையை அத்தை ஏற்கெனவே திருவிழாவில் பார்த்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்து, "பிள்ளை கொஞ்சம் நெட்டையா இருக்கே" என்றார். அப்பா அதைக் காதில் வாங்காமல், கூட வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றார்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இருக்கட்டும்ப்பா. கை நனைக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. எங்கள் பக்கம், சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைப்பார்கள். அது எனக்கு எங்கே தெரியும்? வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு வடை என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இவருக்கு எம்புட்டுக் கொழுப்பு!" என்றேன், நன்றாகச் சத்தமாக.

அப்பா கையை ஓங்கினார். தாய்மாமன் தடுத்தார். "பொறுப்பா. ஏத்தா, என்னையத் திமிரு புடிச்சவங்கிறியா?"

"திமிரு இல்ல. எங்கப்பா கூப்பிட்டதும் திரும்பிப் பாத்தீகள்ல. துடுக்கும் இல்ல, நீங்களே பெரியவக. சோறு வேணாங்கிறது கொழுப்பு. எங்கம்மாகிட்ட மாட்டுனா ராத்திரிக்கும் பட்டினிதான்."

அவர் மீசை ஆடியது. கோபமென்று நினைத்தேன், சிரிப்பு. "ஆத்தாடி! இந்தப் பேரோட நான் ஊருக்குப் போக முடியுமா? இலையப் போடுங்கத்தா!"

"அண்ணே... அண்ணே..." என்று மாப்பிள்ளையின் அம்மா துண்டைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அவர் சம்மணம் போட்டுச் சோற்றைப் பிசைந்துவிட்டார். அந்தம்மாவுக்கும் பக்கத்தில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்; அழுதுகொண்டே சிரித்தாள்.

அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள். "அதிகப்பிரசங்கி!" என்றாள். அந்தச் சொல்லை என்மேல் முதன்முதலாகப் போட்டது அன்றுதான். அதற்கு என்ன தண்டனை என்று தெரியாமல், ஒரு கையால் தலையையும் மறு கையால் தொடையையும் மூடிக்கொண்டு நின்றேன். தட்டு நிறைய வடை வைத்தாள். அத்தை தன் பங்கையும் அதில் போட்டாள்.

அதிகப்பிரசங்கித்தனத்துக்கு வடை என்று மனசில் பதித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, வீட்டுக்கு வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மோர் வேண்டாமென்றார். ஆசையோடு அதே மாதிரி பேசினேன். குட்டு, கிள்ளு, பட்டினி மூன்றும் சேர்ந்து கிடைத்தன.

பாவம், அம்மாவுக்குச் சொற்கள் குழம்பிவிட்டன என்றுதான் நினைத்தேன்.