சாரம்மாளின் செங்காவிச் சேலை

ஆத்தூருக்குக் கிழக்கே, தாமிரபரணி பல கால்களாகப் பிரிந்து கடலைத் தேடும் சேற்றுவெளியில், சாரம்மாளுக்கு வேலை என்று பார்த்தால் ஓர் எருமையை மேய்ப்பதுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் மேய்வது எருமை, மேய்ப்பவளின் கண்ணெல்லாம் வடக்கேயிருந்து வந்து இறங்கும் வாத்துகள் மேலும் பூநாரைகள் மேலும். ஆள் தலை கிட்டத்தில் தெரிந்தாலே எழும்பிவிடும் அவை, இவளை மட்டும் சட்டை செய்வதில்லை. அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வருஷா வருஷம் அதே செங்காவிச் சேலை. எருமையின் விலாவை ஒட்டி, அது மேயும் வேகத்திலேயே நடை. வாய் திறப்பது கிடையாது. பாதிரியார் பிரசங்கத்துக்குக்கூட அவள் அத்தனை அமைதியாய் இருந்ததில்லை. புருஷனைக் காலராவுக்குப் பறிகொடுத்தவளுக்குச் சந்தோஷம் என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்த வருஷம் அது. பாளையங்கோட்டையில் குமாஸ்தாவாக இருந்த தம்பி நேசையா, அக்காவை மறந்தே போனவன், திடீரென்று பலகாரக் கூடையோடு வந்து நின்றான்.

“அக்கா, நீ பறவ பாக்கியாமே. எனக்கும் காட்டேன்.”

அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனசு குளிர்ந்துபோனாள். எருமைக்குப் பின்னால் அவனைக் குனிய வைத்துக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினாள்.

“சேல மாறினா எந்திச்சிரும்லே. எரும கூடவே பைய வரணும்.”

அவன் வாயைப் பிளந்து கேட்டான். பாசம் என்று நினைத்தாள் பைத்தியக்காரி.

ஞாயிற்றுக்கிழமை, “நீ கோயிலுக்குப் போ, எருமைய நான் பாத்துக்கிடுதேன்” என்றான். கொடியில் காய்ந்த செங்காவிச் சேலையைத் தாண்டி, வெள்ளைச் சேலையில் கிளம்பினாள். ஆராதனைப் பாட்டு நடுவில் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மாறி மாறி. எழுந்து ஓடினாள்.

சேற்றில் எருமை நின்றது. அதன் பக்கத்தில் அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு நேசையா. பின்னால் துப்பாக்கியோடு அவன் ஆபீஸ் துரை. தண்ணீரெல்லாம் இறகு.

“ஏலே, அது என் சேலல்லா!”

“சத்தம் போடாதக்கா. தொர சந்தோசமா இருக்காக. எனக்கு மேல்வேல நிச்சயம். ஒனக்கும் ரெண்டு வாத்து எடுத்து வச்சிருக்கேன்.”

“என்னிய ஏமாத்துனது கெடக்கட்டும். அதுவ சாவும்போது நாந்தான் வாரேன்னுல்லா நெனச்சிருக்கும்!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நேசையாவுக்கு அது விளங்கவேயில்லை.

அவனுக்கு மேல்வேலை கிடைத்தது. மறு ஐப்பசியில் பறவைகளும் வந்தன. துவைத்து வைத்திருந்த அதே சேலையைக் கட்டி, எருமையை ஒட்டி, மூச்சு விடாமல் போனாள். கரையை எட்டுவதற்குள் கூட்டம் மொத்தமும் கத்திக்கொண்டு எழும்பியது.

எதிர்க்கரையில் ஆடு மேய்க்கும் மதார் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். பறவைகள் அவர் பக்கமாய்ப் போய் இறங்கின. சாரம்மாள் எருமையைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.