திருத்தக் கட்டம்

"என் டிராயிங்ல திருத்தக் கட்டம் எதுக்குங்க? அந்த எடத்துல ஒரு ரோஜாப்பூ போட்டுக் குடுங்க. பாக்கவாவது லட்சணமா இருக்கும்."

நம் நாயகர் இந்தப் பொன்மொழியை உதிர்த்தது புதிய பல் பிராக்கெட்டின் அறிமுக விழாவில், முந்நூறு பல் மருத்துவர்கள் முன்னிலையில், கையில் மைக்கோடு. பொறியியல் வரைபடம் எதுவானாலும் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைந்தவர் பிற்பாடு எதையாவது மாற்றினால் எதை, ஏன், என்றைக்கு மாற்றினார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தன் தப்பைத் தானே எழுதிக் கையொப்பமிட மனிதன் ஏற்பாடு செய்துவைத்திருக்கும் இடங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அவற்றில் இதுவும் ஒன்று. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் நம்மவர் அங்கே ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. அதனால் தொழிற்சாலையில் அவருக்குத் 'திருத்தம் சார்' என்று பெயர். அதைப் பட்டம் என்று நினைத்து அவர் மகிழ்ந்துகொண்டிருந்தார்.

அவர் கட்டிய கோட்டை எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்லை நேராக்கப் போடுவதை நாமெல்லாம் 'கிளிப்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு பல்லிலும் பொட்டளவு உலோகத் துண்டு ஒன்றை ஒட்டுவார்கள். அதுதான் பிராக்கெட். அதன் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் கம்பி. கம்பி வெளியே வராமலிருக்கப் பொடி ரப்பர் வளையம் மாட்டுவது பழைய வழக்கம். ரப்பர் மஞ்சளாகும், தளரும், கம்பியை நகரவிடாமல் பிடித்துத் தொலைக்கும். ரப்பரே வேண்டாம், பிராக்கெட்டிலேயே ஒரு கதவு வைத்துவிடலாம் என்பது புது யோசனை. மருத்துவர் திறப்பார், கம்பியை வைப்பார், மூடுவார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் கதவு நம்மவருடையது. மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த வில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் யானை நுழையும் வாசலைக் கற்பனை செய்துகொள்ள நேரிடும்.

அவர் வீட்டுக் குளியலறைக் கதவு நாலு வருடமாகச் சாத்துவதில்லை. உள்ளே இருப்பவர் இருமிக்கொண்டே குளிக்க வேண்டும்.

"ஊரார் வாய்க்கெல்லாம் கதவு போட்டாச்சு. உங்க வாய்க்குத்தான் ஒண்ணு போடாம விட்டுட்டீங்க" என்பார் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

ஒரு வருடம் கழித்து முதல் தொலைபேசி வந்தது. ஒரு மருத்துவர் பேசினார்.

"சார், கதவு பாதியா ஒடைஞ்சு வந்திருக்கு."

"பேஷன்ட் பேனா கடிக்கிறவங்களான்னு கேளுங்க டாக்டர்."

இரண்டாவது கதவுக்கு நகம் கடித்தது காரணம். மூன்றாவதற்கு ஐஸ்கட்டி. ஒன்பதாவது வருவதற்குள் பாட்டில் மூடி, கரும்பு, கல்யாண வாழ்க்கை தந்த கோபத்தில் பல்லைக் கடித்தது என்று மனிதகுலத்தின் தீய பழக்கங்கள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. பத்தாவதுக்குச் சொல்லக் காரணம் மிச்சமில்லை. பத்தாவது, பத்தொன்பது வயதுப் பெண். தோழியோடு சிரித்துக்கொண்டிருந்தபோது உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. கூசாமல் சிரிக்க வேண்டும் என்றுதான் பல்லையே நேராக்கிக்கொள்ள வந்தவள். இருமல் என்று இரண்டு வாரம் மருந்து குடித்திருக்கிறாள். பிறகு சீழ், பிறகு அறுவை. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏற இனி அவளுக்கு நடுவில் ஒரு நாற்காலி வேண்டும்.

பெண்ணின் அப்பா போலீசில் புகார் கொடுத்தார். புகார் என்றால் ஒரு பெயர் வேண்டும். டிராயிங்கில் தப்பு இருக்க முடியாது என்பது முந்நூறு பேர் முன்னால் ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதால், பெயரை வேறு இடத்தில் தேடினார்கள். கிடைத்தது.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து ஒவ்வொரு பிராக்கெட்டிலும் கதவைப் பொருத்தி, ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பவர் ஓர் அம்மாள். அவரை எல்லோரும் 'அக்கா' என்றார்கள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த வாட்ச்மேனும் அக்கா என்றார், முதலாளியும் அக்கா என்றார். விசாரணைக்குக் கூப்பிட்டதும் அக்கா என்றே.

"அக்கா, தெறந்து பாக்கறப்போ கொஞ்சம் அழுத்திட்டீங்களோ?" என்றார் முதலாளி.

"இல்ல சார். பதினோரு வருஷமா இதே கைதான்."

"அதத்தான் சொல்றேன். பதினோரு வருஷம் ஆச்சே. கைய நீட்டுங்க."

நீட்டினார். புறங்கையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்கள். ஏழு பேர் குனிந்து பார்த்தார்கள். பதினோரு வருடமாக எள்ளளவு இரும்பைப் பிடித்து ஆடாத கை, அந்த வெற்றுத் தாளுக்கு ஆடியது.

"ஏழு பேர் இப்படி மொறைச்சுப் பாத்தா உங்க கைகூட ஆடும் சார்."

"கை நடுக்கம். எழுதிக்குங்க" என்றார் முதலாளி.

ஏழு பேரில் ஒருவர் நம் நாயகர். சாட்சிக் கையெழுத்தும் போட்டார், அழகான கையெழுத்து. வாசலில் அக்கா அவரை நிறுத்தினார்.

"சார், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கதவு உங்களோடதுதானே."

"என் டிராயிங்ல ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ எல்லாம் என் கையிலதான் இருக்கா?"

நம்மவர் கடிகாரம் பார்த்தார். மணி தெரிந்துகொள்ள அல்ல.

வழக்கு அக்காவின் மேல் பதிவானது. வேலை போயிற்று. திங்கட்கிழமைதோறும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நடுங்கும் கை என்று எழுதப்பட்டவருக்கு எந்தத் தொழிற்சாலை இன்னொரு மைக்ராஸ்கோப் கொடுக்கும்? குற்றப்பத்திரிகை வந்தால் சிறை என்றார் வக்கீல்.

உடைந்த துண்டுகளைப் படமெடுத்து, போலீசுக்குப் போகும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார் முதலாளி. அக்காவின் குற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் கனம் சேர்க்கலாம் என்ற நல்லெண்ணத்தோடு நம்மவர் அக்காவின் ஸ்டூலில் அமர்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக லென்சுக்கடியில் வைத்தார். அழுத்தியதால் உடைந்தது என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உடைந்திருக்க வேண்டும். பத்தும் ஒரே கோட்டில் உடைந்திருந்தன.

செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நூல் பிடித்தது போல் நேராகக் கிழியும்; மறுபக்கமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். உருளையில் நசுக்கித் தட்டையாக்கிய தகட்டுக்கும் அப்படி ஓர் ஓட்டம் உண்டு. ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் வில் வருடக்கணக்கில் உழைக்கும். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பிலேயே விரிசல் விடும். அதனால் ஓட்டம் எந்தத் திசை என்று டிராயிங்கில் ஓர் அம்புக்குறி போட வேண்டும்.

நம்மவர் போட்டுத்தான் இருந்தார். சரியாகவே போட்டிருந்தார். ஆனால் முதலில் வரைந்தபோது கதவின் படம் நெட்டுக்குத்தலாக நின்று, அதன் வால் திருத்தக் கட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இல்லை. எனவே படத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கால் வட்டம் திருப்பிப் படுக்கவைத்தார். அம்பு தனிக் குறிப்பு, அது திரும்பவில்லை. அறிமுகத்துக்கு முன் சோதித்த மாதிரிகள் படம் திரும்புவதற்கு முன் வெட்டியவை, அதனால் அவை தேறிவிட்டன. பின்னால் வந்த லட்சக்கணக்கான கதவுகள், ஒரு காகிதத்தின் அழகுக்காகத் தப்பான திசையில் மடிக்கப்பட்டு ஊரார் வாய்க்குள் போயின.

நம் நாயகர் உடனே முதலாளியிடம் ஓடினார் என்று நினைப்பவர்கள் மனிதர்களோடு அதிகம் பழகாதவர்கள். அவர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் டிராயிங்கைத் திறந்தார். அம்பைத் திருப்பினார். பிரிவுத் தலைவர் என்பதால் திருத்தக் கட்டத்தைத் தொடாமலே சேமிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. சேமித்தார். இனி ஒரு வாயிலும் கதவு உடையாது, அதைவிட ஒரு பெண்ணுக்கு வேறென்ன நியாயம் வேண்டும் என்று தனக்குத்தானே வாதாடி, தனக்கே சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் புதுக் கதவுகள் வந்தன. அசுர வேகத்தில் திறந்து மூடும் இயந்திரத்தில் மாட்டி லட்சம் தடவை ஆட்டிப் பார்த்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை.

முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பாத்தீங்களா சார்! அந்தம்மா போச்சு, ஒடையறதும் நின்னு போச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்? இதையே எழுதிக் குடுங்க. நாளைக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வருது, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அன்று சாயங்காலம் நம்மவருக்குக் காப்பி இறங்கவில்லை. மனைவி எதிரே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். வார்த்தைகளைக் கூட்டிக் குறைத்து, யாரோ ஒரு சிநேகிதருக்கு நடந்தது போல விஷயத்தைச் சொன்னார். மனைவி பேனாவை நிறுத்தவில்லை.

"அந்த சிநேகிதர் எத்தனை நாளா சாப்பிடாம இருக்காரு?"

"ஒரு மாசமா."

"நான் தெனமும் நாப்பது பேரோட தப்பைச் சுழிக்கிறேன். ஒருத்தனும் அதனால செத்துப் போகல. அந்தப் பொண்ணுக்குப் பாதி நெஞ்சு போச்சு, அந்தம்மாவுக்குச் சோறு போச்சு. சிநேகிதருக்கு என்ன போயிடுமாம்?"

"பேரு."

"ஓ" என்றார் மனைவி. சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வரவேற்பறையில் போலீஸ்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தட்டச்சு செய்த வாக்குமூலம் நம்மவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் அதை ஒதுக்கி வைத்தார். டிராயிங்கைத் திறந்து, வலது மேல் மூலைக்குப் போனார். அந்தக் கட்டத்தில் எப்படித் தட்டச்சு செய்வது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து அறை இளைஞரைக் கேட்க வாய் வராமல், தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தார்.

'திருத்தம் 1. படத்தைத் திருப்பியபோது தகட்டின் ஓட்டத்தைக் காட்டும் அம்பைத் திருப்பவில்லை. சென்ற மாதம் யாருக்கும் சொல்லாமல் திருப்பினேன். கதவுகள் உடைந்தது இதனால். பொருத்தியவர் கையால் அல்ல. தவறு வரைந்தவருடையது.'

கட்டம் சின்னது. எழுத்து வெளியே வழிந்து படத்தின் மேலேயே ஏறிவிட்டது. அவர் அதைச் சுருக்கவில்லை. பிரதி எடுத்து, கையெழுத்துப் போட்டு, வரவேற்பறைக்கு நடந்தார்.

போலீஸ்காரர் காகிதத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"என்ன சார் ஒரே கோடு கோடா இருக்கு? இதுல நாங்க எதைப் பாக்கணும்?"

நம்மவர் மூலையில் விரலை வைத்துக் காட்டினார்.